கூலிங் மட்டும் போதாது: கிராஃப்ட் பீர் கேள்வி–பதில்

சிறிய ஆலைகளில் பல வகைகளாகக் காய்ச்சும் கிராஃப்ட் பீர் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பதில்கள் அந்த வயதைத் தாண்டி, ஏற்கெனவே குடிக்கிறவர்களுக்கு. குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

ஐயா, பெங்களூரில் ஒரு கோதுமை பீர் குடித்தேன். வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் தூக்கலாக இருந்தன. அதே வகையை இங்கே டின்னில் வாங்கினால் மணமே இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடைதான் வருகிறது. டூப்ளிகேட்டாக இருக்குமோ?
— வாசகர், திருநகர்

டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. பழசாக இருக்கும், அல்லது வெயிலில் கிடந்திருக்கும். பீர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். டின்னுக்குள் மிச்சமிருக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் போதும், முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டில் இருந்து வந்த பொருள்களோடு மெதுவாக வினை நடந்துகொண்டே இருக்கும். அதில் வெளிப்படுவதுதான் அந்த ஈர அட்டை வாடை. சூடு ஏற ஏற வினையின் வேகமும் ஏறும்.

பீர் தொழிலில் 3–30–300 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சுமார் 32 டிகிரி செல்சியஸில் 3 நாளில் வருகிற கெடுதல், 22 டிகிரியில் 30 நாளிலும், ஃபிரிட்ஜ் குளிரான 3–4 டிகிரியில் 300 நாளிலும் வரும். சித்திரை மாதத்தில் மதுரையில் ஒரு குடோனோ, மொட்டைமாடிக்குக் கீழ் அறையோ என்ன சூட்டில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டின்னில் 'ஆறு மாதம்' என்று அச்சிட்டிருந்தாலும் அந்தச் சூட்டில் மணம் அதுவரை தாங்காது. வாழைப்பழ வாசம், ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) பழ வாசம் இரண்டும்தான் முதலில் மங்கும்.

அதனால் வாங்கும்போது பிராண்டுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். டின்னுக்கு அடியிலோ பாட்டில் லேபிளிலோ தயாரித்த மாதம் இருக்கும். கோதுமை பீர், ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) இரண்டும் மூன்று மாதத்துக்குள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அடர் கறுப்பு ஸ்டவுட் இன்னும் கொஞ்சம் தாங்கும். பாட்டிலா டின்னா என்றால் டின். வெளிச்சம் உள்ளே போகாது. பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெயிலைத் தடுக்காது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த ஒரு நாற்றம் உருவாகும். வெள்ளை பாட்டிலை நேர் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அது வந்துவிடும். பழுப்பு பாட்டில் பெரும்பாலும் காப்பாற்றும். பைக் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து மத்தியான வெயிலில் கொண்டுவருவதை விட்டுவிட்டு, சாயங்காலம் வாங்கி, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். பால் பாக்கெட்டை எப்படிக் கவனிப்பீர்களோ அந்தக் கவனம் இதற்கும் வேண்டும்.

குளிர்ந்ததை வெளியே எடுத்து மறுபடி குளிரவைத்தால் கெட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொத்தத்தில் எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதுதான் கணக்கு.

கடையில் 'கூலிங் இருக்கா' என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். வீட்டுக்கு வருவதற்குள் குளிர்ச்சி போய்விடுகிறது. ஃபிரீசரில் வைத்தேன், பாட்டில் வெடித்துவிட்டது. ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கலாமா சார்? எவ்வளவு குளிர்ச்சி சரி?
— வாசகர், மேலூர்

ஐஸ் வேண்டாம். பீரில் தண்ணீர் கலக்கும், கேஸ் பொங்கி வெளியேறும், நாக்கும் மரத்துப்போகும். ஃபிரீசரில் நடந்ததற்குக் காரணம், 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். உறையும்போது விரிந்து பாட்டிலைப் பிளக்கும். ஃபிரீசரில்தான் வைக்க வேண்டும் என்றால் போனில் அலாரம் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

அதைவிட வேகமான வழி ஒன்று இருக்கிறது. வாளியில் பாதிக்கு ஐஸ், அது மூழ்கும் அளவு தண்ணீர், இரண்டு கைப்பிடி கல் உப்பு. பாட்டிலை கழுத்து வரை இறக்கி, அவ்வப்போது மெதுவாகச் சுற்றிவிடுங்கள். 650 மில்லி பாட்டில் சுமார் 20 நிமிடத்தில் குடிக்கும் பதத்துக்கு வரும். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸ் போட்டால் கண்ணாடியில் அங்கங்கேதான் படும், நேரம் பிடிக்கும். உப்பு, ஐஸ் தண்ணீரின் குளிர்ச்சியை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறக்கிவிடும்.

எவ்வளவு குளிர்ச்சி என்றால், வெளிர் வகைகளான சாதா லாகர், பில்ஸ்னருக்கு 4 முதல் 7 டிகிரி. கோதுமை பீருக்கு 5 முதல் 8. ஹாப்ஸ் மணம் உள்ள பேல் ஏல், ஐ.பி.ஏ.வுக்கு 7 முதல் 10. கறுப்பு வகைகளான ஸ்டவுட், போர்ட்டருக்கு 10 முதல் 13. தெர்மாமீட்டர் தேவையில்லை. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததும் லாகரை உடனே ஊற்றுங்கள். கோதுமை பீரை ஐந்து நிமிடம், ஐ.பி.ஏ.வை பத்து நிமிடம், ஸ்டவுட்டை இருபது நிமிடம் வெளியே வைத்து ஊற்றுங்கள். ஸ்டவுட்டை ஜில்லென்று குடிக்கிறவருக்குக் கருகல் கசப்பு மட்டும்தான் கிடைக்கும். காபி, சாக்லேட் வாசமெல்லாம் குளிரில் எழும்பாது.

நம் ஊர் வெக்கைக்கு ஒரு திருத்தம் உண்டு. முழு கிளாஸ் ஊற்றி வைத்தால் கடைசி வாய் வெந்நீர் மாதிரி ஆகிவிடும். 150 மில்லியாக ஊற்றிக்கொண்டு, மீதியை ஃபிரிட்ஜில் நிறுத்திவையுங்கள்.

எவர்சில்வர் டம்ளரில் நுரை நிற்கவே மாட்டேன் என்கிறது. கண்ணாடி கிளாஸிலும் ஒரு நாள் நிற்கிறது, ஒரு நாள் இல்லை. நுரை அவசியமா?
— வாசகர், உசிலம்பட்டி

அவசியம். பீரின் வாசம் நுரை வழியாகத்தான் மூக்குக்கு வருகிறது. நுரை போனால் கேஸும் சீக்கிரம் போகும்.

நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு. குழம்புச் சட்டி தேய்த்த நாரிலேயே கிளாஸையும் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். நுரையைத் தாங்குவது மால்ட்டின் புரதம். எண்ணெய் பட்டால் அது உடைந்துவிடும். பீர் கிளாஸுக்குத் தனி ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். கழுவி, சோப்பு போக இரண்டு முறை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

சுத்தமா என்று பார்க்க, கிளாஸை நனைத்து உதறி, உட்புறம் தூள் உப்பைத் தூவுங்கள். எல்லா இடத்திலும் சமமாக ஒட்டினால் சுத்தம். திட்டுத்திட்டாக விழுந்தால் அங்கே பிசுக்கு இருக்கிறது. ஊற்றிய பிறகும் தெரியும். கிளாஸின் பக்கவாட்டில் குமிழிகள் மணிமணியாக ஒட்டிக்கொண்டு மேலே வராமல் நின்றால் மறுபடி கழுவ வேண்டும் என்று அர்த்தம்.

ஊற்றும் முன் குளிர்ந்த தண்ணீரில் கிளாஸை ஒருமுறை அலசுங்கள். பாதிச் சாய்வில் பிடித்து, சுவரில் வழியும்படி பாதி வரை ஊற்றுங்கள். பிறகு நிமிர்த்தி நடுவில் நேராக ஊற்றினால் இரண்டு விரல்கடை நுரை எழும்பும். கோதுமை பீர் என்றால் கடைசி இரண்டு விரல்கடையைப் பாட்டிலிலேயே நிறுத்தி, பாட்டிலை வட்டமாக ஆட்டி, அடியில் தங்கிய ஈஸ்ட்டைக் கலக்கி மேலே ஊற்றுங்கள். அது கலங்கலாக இருப்பதுதான் சரி. கெட்டுப்போனது அல்ல. எவர்சில்வர் டம்ளர் குளிர்ச்சியைத் தாங்காது, நிறமும் தெரியாது. வாய் கொஞ்சம் குறுகிய ஒயின் கிளாஸ் ஒன்று இருந்தால் எல்லா வகைக்கும் போதும்.

'நல்லா இருக்கு', 'கசக்குது' இந்த இரண்டைத் தாண்டி எனக்கு எதுவும் சொல்ல வரவில்லை. ருசி பார்ப்பதைக் கற்றுக்கொள்ள முடியுமா?
— வாசகர், எஸ்.எஸ்.காலனி

நிச்சயம் முடியும். அதற்கு அதிகமாகக் குடிக்க வேண்டியதே இல்லை. மூக்கைப் பழக்கினால் போதும், அதற்கு வேண்டியது பாதி உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது.

சின்ன கிண்ணங்களில் இவற்றை எடுத்து வையுங்கள்: நன்றாகப் பழுத்த சிறுமலை வாழைப்பழம், இரண்டு கிராம்பு தட்டியது, கொத்தமல்லி விதை நசுக்கியது, கமலா ஆரஞ்சுத் தோல், பம்ப்ளிமாஸ் தோல், ரஸ்க், கருகும் பக்குவத்தில் வாட்டிய ரொட்டி, காபித் தூள், கருப்பட்டி. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்து பெயர் சொல்லப் பழகுங்கள். ஜெர்மன் கோதுமை பீரில் வருகிற வாழைப்பழமும் கிராம்பும் ஈஸ்ட் உண்டாக்கும் வாசனைகள், யாரும் கலப்பதில்லை. பெல்ஜியக் கோதுமை பீரில் மட்டும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையாகவே போடுவார்கள். அமெரிக்க ஹாப்ஸ் போட்ட பேல் ஏலில் பம்ப்ளிமாஸ் வாசம் எழும். ரஸ்க், ரொட்டி, காபி எல்லாம் மால்ட்டை எவ்வளவு வறுத்தார்கள் என்பதைச் சொல்பவை.

பிறகு பீர். சாப்பாட்டுக்கு முன்னால், சாயங்கால வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து காபி, வெற்றிலை பாக்கு, சிகரெட் கூடாது. சாம்பிராணி போட்ட அறை ஆகாது. பக்கத்தில் மல்லிகைச் சரம் இருந்தாலும் எடுத்து வேறு அறையில் வையுங்கள். மதுரை மல்லி முன்னால் எந்த ஹாப்ஸும் நிற்காது. கையை வாசனை சோப்பில் கழுவியிருந்தால் கிளாஸைத் தூக்கும்போது அந்த வாசம்தான் முதலில் வரும்.

100 மில்லி ஊற்றுங்கள். ஊற்றின முதல் நிமிடத்திலேயே முகருங்கள். நீண்ட மூச்சாக இழுக்காமல், இரண்டு மூன்று குட்டி மூச்சுகளாக. மூக்கு சீக்கிரம் பழகி மந்தமாகிவிடும். அப்போது உங்கள் சட்டைக் கையை முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள். அடுத்து நிறம், தெளிவு, நுரையின் நயம். பிறகு ஒரு வாய். நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். ஒயின் ருசிப்பவர்கள் துப்புவார்கள். பீரில் விழுங்க வேண்டும், ஏனென்றால் கசப்பின் பின்சுவை தொண்டைக்குப் போனபிறகுதான் முழுதாகத் தெரியும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மணத்தில் பெரும்பங்கு அப்போதுதான் பிடிபடும்.

நோட்டில் ஐந்து விஷயம் எழுதினால் போதும்: வாசம், இனிப்பு, கசப்பு, வாயில் கனம், விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் என்ன மிஞ்சுகிறது. பெயரும் தேதியும் சேர்த்து. 'அருமை' என்று எழுதாதீர்கள், அடுத்த மாதம் படித்தால் அதில் எதுவும் நினைவுக்கு வராது. 'ரஸ்க் வாசம், முன்னால் இனிப்பு, கசப்பு மெதுவாக வந்து நின்றது' என்று எழுதினால் அந்த பீர் கண்முன் வரும்.

இரண்டு பேர் சேர்ந்தால் இன்னும் ஒன்று செய்யலாம். ஒருவர் மூன்று கிளாஸில் ஊற்றட்டும், இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு. தனித்து நிற்பது எது என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். லேபிள் மறைந்தவுடன் எவ்வளவு தடுமாறுகிறோம் என்று புரியும், அந்தத் தடுமாற்றத்தில்தான் நாக்கு கூர்மையாகும். இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத பொரியும் வையுங்கள். மிக்சர் வேண்டாம்.

சுற்றுலா போன இடத்தில் பப்பில் கொடுத்த பீரில் வெண்ணெய் வாசம் அடித்தது. அது ஸ்டைலா, கெட்டுப்போனதா? கேட்கத் தயக்கமாக இருந்தது.
— வாசகர், திண்டுக்கல்

கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. வெண்ணெய் வாசம் பெரும்பாலும் குறைதான். ஈஸ்ட் நொதிக்கும்போது அதை உண்டாக்கி, இன்னும் சில நாள் விட்டால் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரமாக இறக்கினால் தங்கிவிடும். பப்பில் பீர் வரும் குழாயைச் சரியாகக் கழுவாமல் கிருமி சேர்ந்தாலும் வரும். அப்படியென்றால் கூடவே லேசான புளிப்பும் இருக்கும்.

வேகவைத்த மக்காச்சோள வாசம் என்றால் காய்ச்சும்போது போதுமான நேரம் கொதிக்கவிடவில்லை, அல்லது ஆறவைக்கத் தாமதித்தார்கள். காய் ஆப்பிள் வாசம் என்றால் பீர் இன்னும் பக்குவப்படவில்லை. வினிகர் புளிப்பு, அதுவும் புளிப்பு பீர் அல்லாத ஒன்றில் வந்தால், குழாய் சுத்தமில்லை. 'இது நல்லா இல்லை' என்று பொதுவாகச் சொல்லாமல் 'வினிகர் வாடை வருகிறது, வேறு குழாயில் இருந்து ஊற்றித் தாருங்கள்' என்று சொல்லுங்கள். தொழில் தெரிந்த இடத்தில் மதித்து மாற்றித் தருவார்கள்.

நண்பர்களோடு ஒரு வார இறுதிக்கு பெங்களூர் போகிறோம். அங்கே எப்படி ஆர்டர் செய்வது? ஊருக்குக் கொண்டுவரலாமா?
— வாசகர், விருதுநகர்

அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற மைக்ரோப்ரூவரிகள் பெங்களூரில் நிறைய. இந்திரா நகரில் 2010-இல் தொடங்கிய டாய்ட் அதில் பழைய பெயர்களில் ஒன்று. நம் பக்கத்தில் பாண்டிச்சேரியிலும் காய்ச்சி ஊற்றும் இடம் உண்டு.

உட்கார்ந்ததும் பெரிய கிளாஸ் கேட்காதீர்கள். 'சாம்ப்ளர்' என்று கேட்டால் அவர்களிடம் உள்ள வகைகளைச் சின்ன கிளாஸ்களில் வரிசையாக வைப்பார்கள். வெளிர் லாகர், கோதுமை, பேல் ஏல், ஐ.பி.ஏ., ஸ்டவுட் என்ற வரிசையில் போங்கள். ஐ.பி.ஏ.வை முதலில் குடித்தால் அதன் கசப்பு அடுத்ததை எல்லாம் தண்ணீராக்கிவிடும். ஆறு கிளாஸ், ஒவ்வொன்றும் 100 மில்லி என்றால் கிட்டத்தட்ட ஒரு பெரிய பாட்டில் அளவு வந்துவிடும். அதை நினைவில் வைத்து மேற்கொண்டு ஒன்றோடு நிறுத்துங்கள். எல்லாக் கிளாஸையும் ஒருவரே முடிக்க வேண்டும் என்பதில்லை, நாலு பேர் பகிர்ந்தால் இன்னும் நல்லது. ஊற்றுகிறவரிடம் 'எது கடைசியாக டேப்பில் (குழாயில்) ஏற்றியது' என்று கேளுங்கள். மெனுவில் எது பிரபலம் என்பதைவிட இந்தக் கேள்விக்கு வருகிற பதில் பயன்படும்.

சதவீதத்தையும் பாருங்கள். 330 மில்லி 5 சதவீத பீரில் ஆல்கஹால் சுமார் 13 கிராம். இங்கே கிடைக்கும் 650 மில்லி, 8 சதவீத ஸ்ட்ராங் பாட்டிலில் சுமார் 41 கிராம், மூன்று மடங்கு. வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 'ஒரு பீர்தானே' என்று நினைப்பவர்களும் அதைத் தாண்டிவிடுவார்கள். ஆட்டோ, டாக்சி மட்டும்தான்.

ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். வெளி மாநில மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ருசியின் பக்கம் பார்த்தாலும் லாபமில்லை. டேப்பில் இருந்து பாட்டிலில் பிடித்த பீர், ஃபிரிட்ஜிலேயே இருந்தாலும் ஒன்றிரண்டு நாளில் சப்பென்று ஆகிவிடும். நோட்டை மட்டும் கொண்டுவாருங்கள்.

மதுரைச் சாப்பாட்டோடு பீர் சேருமா? சுக்காவோடு குடித்தால் வாய் எரிகிறது.
— வாசகர், செல்லூர்

நன்றாகச் சேரும், வகை மட்டும் மாற்ற வேண்டும். ஆல்கஹால், கேஸ், கசப்பு மூன்றும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிடும். ஸ்ட்ராங் பீரும் ஐ.பி.ஏ.வும் சுக்காவோடு எரிவது அதனால்தான். கசப்பு குறைந்து மால்ட் இனிப்பு கூடியதை எடுங்கள். மட்டன் சுக்கா, கறி தோசைக்கு செம்பழுப்பு நிற ஆம்பர் ஏல் அல்லது அடர் பழுப்பு லாகரான ஜெர்மன் டுங்கல் வகை. கறி சிவக்க வறுபட்ட மணமும் மால்ட் வறுபட்ட மணமும் ஒரே குடும்பம், ஒன்றை ஒன்று தூக்கிக்கொடுக்கும். அயிரை மீன் குழம்புக்குக் கோதுமை பீர். புளிப்போடு மோதாது, காரத்தையும் தணிக்கும். கோலா உருண்டை மாதிரி எண்ணெயில் பொரித்ததற்கு பில்ஸ்னர், அதன் கேஸ் வாயில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். ஐ.பி.ஏ.வுக்கு வறுத்த வேர்க்கடலை போதும். ஸ்டவுட்டோடு கருப்பட்டி மிட்டாய் ஒரு துண்டு வைத்துப் பாருங்கள், இந்த ஜோடியை எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறோம்.

வெறும் வயிற்றில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

ஐ.பி.ஏ. என்பதில் 'இந்தியா' எப்படி வந்தது? இங்கே காய்ச்சியதா?
— வாசகர், காரைக்குடி

இங்கிலாந்தில் காய்ச்சி இங்கே அனுப்பியது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்சன் ப்ரூவரியின் பேல் ஏல், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கல்கத்தா, மதராஸ் எல்லாம் வந்தது. நீண்ட பயணத்துக்குத் தாங்க ஹாப்ஸ் கூடுதலாகப் போட்டார்கள். 1822 வாக்கில் பர்ட்டன் ஊரின் ஆல்சாப் ப்ரூவரி போட்டிக்கு வந்தது. பர்ட்டன் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அது கசப்பைத் துல்லியமாக எடுத்துக்காட்டும். ஹாட்சன் இந்தியாவுக்கென்றே ஒரு புது வகையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. கறுப்பு போர்ட்டரும் அதே கப்பல்களில் ஏராளமாக இங்கே வந்தது.

யூடியூப் பார்த்து வீட்டிலேயே காய்ச்சலாமா?
— வாசகர், வாடிப்பட்டி

கூடாது. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும்.

650 மில்லி பாட்டிலில் பாதி மிச்சம். மூடி வைத்தால் மறுநாள் குடிக்கலாமா?
— வாசகர், சிம்மக்கல்

மறுநாள் வரை வைத்ததால் கூடுதல் கெடுதல் இல்லை, ருசிதான் இருக்காது. கேஸ் போயிருக்கும், ஆக்சிஜனும் உள்ளே நுழைந்திருக்கும். அன்றைக்கே என்றால், திறந்தவுடன் பாதியை ஒரு சின்ன சோடா பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, இறுக மூடி ஃபிரிட்ஜில் நிறுத்திவையுங்கள். மேலே காற்றுக்கு இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். அடுத்த முறை 330 மில்லி டின்னாக வாங்குங்கள். மிஞ்சியே விட்டது என்றால், லாகராக இருந்தால், கேஸ் முழுதாகப் போவதற்குள் மீன் பஜ்ஜி மாவில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிக் கலக்குங்கள். 100 கிராம் மாவுக்குச் சுமார் 120 மில்லி. கலந்த உடனே பொரிக்க வேண்டும், வைத்திருந்தால் மொறுமொறுப்பு வராது. ஐ.பி.ஏ.வை மாவில் ஊற்றாதீர்கள், கசக்கும்.